ஒன்றரை நாழிகைப் போர்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு. உலகின் மிகக் குறுகிய போர் எது? 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்தது, 38 நிமிடம். நம் பழைய கணக்கில் ஒன்றரை நாழிகைக்குச் சற்று மேல். விடை எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் நூல்களைப் புரட்டினால் ஒன்றில் 38, ஒன்றில் 40, இன்னொன்றில் 43, வேறொன்றில் 45 என்று கிடைக்கும். கெடு முடிந்தது காலை 9 மணிக்கு. முதல் குண்டு பாய்ந்தது 9.02-க்கு. கடைசிக் குண்டு 9.40-ஐ ஒட்டி. எதைத் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறோம், எதை முடிவு என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அந்தத் தீவின் சுவாஹிலி வழக்கிலோ அப்போது மணி மூன்று. சூரியன் உதித்ததிலிருந்து எண்ணும் வழக்கம் அது.

நிமிடக் கணக்கில் எனக்கு வழக்கு இல்லை. எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்பதைச் சொல்லும் நூல்கள், முடிப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது என்று கேட்பதில்லை என்பதுதான் என் குறை. என் பார்வையில், சான்சிபாரை வெல்லும் வேலையில் பெரும்பங்கு அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் தீர்ப்பாலும் ஒப்பந்தத்தாலும் முடிந்துவிட்டது. பீரங்கிக்கு மிஞ்சியது ஒரு கட்டடமும் ஓர் ஆளும்தான்.

சான்சிபார் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சற்றுத் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவுக் கூட்டம். உங்குஜா, பெம்பா என்பவை பெரிய தீவுகள். ஓமானை ஆண்ட செய்யிது சயீத் பின் சுல்தான் 1840 வாக்கில் மஸ்கட்டை விட்டுத் தன் தலைநகரை இங்கே கொண்டுவந்தார். தீவெங்கும் கிராம்பு பயிரானது. கண்டத்தின் உள்நாட்டிலிருந்து தந்தமும் அடிமைகளும் வந்து சேர்ந்தார்கள். அடிமைகளில் ஒரு பகுதியினர் கிராம்புத் தோட்டங்களில் தங்கினர். மற்றவர்கள் கப்பலேறி வடக்கே போயினர். தந்தத்தையும் மனிதரையும் ஒரே மூச்சில் சொல்வது காதுக்கு நாராசமாக இருக்கலாம். அந்தத் துறைமுகத்தின் சுங்கக் கணக்கில் இரண்டும் சரக்குதான்.

அந்தச் சுங்கத்தை வசூலித்தவர்கள் யார் என்பது நமக்கு முக்கியம். வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்டது. நெடுங்காலம் அந்தக் குத்தகையைக் கையில் வைத்திருந்தது ஜெய்ராம் சிவ்ஜி என்ற கச்சுப் பகுதி பாட்டியா வணிக நிறுவனம். பிறகு அதே இடத்துக்கு இஸ்மாயிலி கோஜா வணிகரான தாரியா டோபன் வந்தார். தோட்ட முதலாளிகளான அரபியர் பலர் இந்திய வணிகர்களிடம் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். அந்த வணிகர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற கணக்கில் வந்ததால், அவர்களைப் பாதுகாப்பது பிரிட்டிஷ் கான்சலின் கடமையாயிற்று. தலையிடக் காரணம் தேடி அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை. கான்சலே நெடுங்காலம் பம்பாய் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்ட அதிகாரியாக இருந்தவர். லண்டனைவிடப் பம்பாய்தான் சான்சிபாருக்குப் பக்கம், எல்லா வகையிலும்.

1856-ல் சயீத் இறந்தார். ஓமான் ஒரு மகனிடம், சான்சிபார் இன்னொரு மகன் மஜீதிடம். பாகப் பிரிவினைத் தகராறு முற்றியபோது மத்தியஸ்தம் செய்தவர் இந்திய வைஸ்ராய் கானிங் பிரபு. 1861-ல் அவர் தந்த தீர்ப்பு இரண்டையும் தனித்தனி அரசுகளாக்கியது. சான்சிபார் ஆண்டுக்கு 40,000 கிரவுன் ஓமானுக்குக் கட்ட வேண்டும் என்றது. கல்கத்தாவில் உட்கார்ந்து ஓர் ஆங்கிலேயர் எழுதிய தீர்ப்பில் ஓர் அரபு அரசு இரண்டானது. இதற்கு ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

மஜீதின் தம்பி பர்காஷ் 1859-ல் அரியணைக்குக் குறிவைத்துக் கலகம் செய்தார். பிரிட்டிஷ் உதவியோடு அது அடக்கப்பட்டது; பர்காஷ் பம்பாய்க்கு நாடு கடத்தப்பட்டார். பிற்பாடு திரும்பி வந்து, 1870-ல் மஜீத் இறந்ததும் சுல்தானும் ஆனார். பம்பாயில் இருந்த நாட்களில் அவர் கற்ற பாடம் எதுவாக இருந்தாலும், ஒன்று நிச்சயம்: பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்தவன் தண்டனை முடிந்ததும் திரும்பி வந்து நாடாள முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அவருடைய மகன்தான் 1896-ன் நாயகன், காலித்.

பர்காஷின் காலத்தை ஊன்றிப் பார்த்தால் 1896 பாதி புரிந்துவிடும். 1872-ல் பெரும்புயல் வந்து உங்குஜாவின் கிராம்பு மரங்களைச் சாய்த்தது. சுல்தானின் கப்பல்களையும் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் கான்சல் ஜான் கிர்க், அடிமை வணிகத்தை நிறுத்தும் ஒப்பந்தத்தை நீட்டினார். கையெழுத்திட மறுத்தால் கடற்படை தீவை முற்றுகையிடும் என்ற மிரட்டலோடு. பர்காஷ் கையெழுத்திட்டார், அடிமைச் சந்தை மூடப்பட்டது. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரண்மனையில் இருந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்தி வேறு: கப்பல் வரும், மிரட்டும், பேச்சு நடக்கும், கையெழுத்தாகும், கப்பல் போய்விடும்.

1885-ல் அதே நாடகத்தை ஜெர்மானியர் ஆடினார்கள். கார்ல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் உள்நாட்டுத் தலைவர்களிடம் ஒப்பந்தங்கள் எழுதி வாங்கி, பெரும் நிலப்பரப்பை உரிமை கோரினார். பர்காஷ் ஆட்சேபித்தார். ஆகஸ்டில் பிஸ்மார்க் அனுப்பிய போர்க்கப்பல்கள் அரண்மனைக்கு எதிரே வந்து நங்கூரமிட்டன. பர்காஷ் கிர்க்கை நம்பினார். கிர்க்குக்கு லண்டனிலிருந்து வந்த உத்தரவோ, விட்டுக்கொடுக்கும்படி சுல்தானுக்குச் சொல் என்பது. பர்காஷ் இறங்கி வந்தார். அப்போதும் பீரங்கி வெடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு பிரிட்டனும் ஜெர்மனியும் கூடி, கண்டத்துக் கரையில் பத்து மைல் அகலத்துக்கு ஒரு துண்டை மட்டும் சுல்தானுக்கு ஒதுக்கின. பர்காஷ் 1888-ல் இறந்தார். 1890 ஜூலையில் ஹெலிகோலாந்து–சான்சிபார் ஒப்பந்தம். வட கடலில் இருக்கும் ஹெலிகோலாந்து என்ற சிறு தீவு ஜெர்மனிக்கு. சான்சிபார் மீது பிரிட்டனின் பிடிக்கு ஜெர்மனி தலையசைப்பு. தெற்குக் கரைத் துண்டை 40 லட்சம் மார்க் கொடுத்து ஜெர்மனி வாங்கிக்கொண்டது. சான்சிபார் பிரிட்டனின் காப்பு நாடானது. அடுத்த சுல்தான் யார் என்பதில் பிரிட்டனுக்கு மறுப்புரிமை வந்ததும் அப்போதுதான். 1891-ல் ஜெரால்ட் போர்ட்டல் என்ற அதிகாரி வருவாய்த் துறையைச் சுல்தானின் கையிலிருந்து பிரித்தெடுத்து, அவருக்கு மானியம் வைத்தார். முதலமைச்சராக லாயிட் மாத்யூஸ் அமர்த்தப்பட்டார். இவர் பிரிட்டிஷ் கடற்படையில் லெப்டினன்டாக இருந்து, 1877 முதல் சுல்தானுக்கு ஐரோப்பியப் பாணியில் ஒரு படையைப் பயிற்றுவித்து உருவாக்கிக் கொடுத்தவர்.

ஆக 1891-லேயே கருவூலம் பிரிட்டிஷ் கையில், அமைச்சரவை பிரிட்டிஷ் கையில், படை பிரிட்டிஷ் கையில். அரியணையில் உட்காருகிறவரின் பெயர் மட்டும் அரபுப் பெயர்.

1893-ல் அப்போதைய சுல்தான் அலி இறந்தபோது காலித் முதல் முறை முயன்றார். ஆட்களோடு அரண்மனைக்குள் புகுந்தார். பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி ரென்னல் ராட் பேசி எச்சரித்து அவரை வெளியே கொண்டுவந்தார். பிரிட்டிஷார் தேர்ந்த ஹமத் பின் துவைனி சுல்தானானார். காலித்துக்கு எந்தப் பெரிய தண்டனையும் இல்லை, ஊரிலேயே இருந்தார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. 1896 ஆகஸ்ட் 27 காலை காலித் அனுப்பிய கடைசிச் செய்தியில், கொடியை இறக்கும் எண்ணம் இல்லை என்றும் நீங்கள் சுடுவீர்கள் என்று நாங்கள் நம்பவில்லை என்றும் இருந்தது. இதை அவருடைய மடமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. இளைஞன், திமிர், கணக்குத் தெரியாதவன் என்று. அவர் போட்ட கணக்கு முன்னனுபவத்தை வைத்துப் போட்ட கணக்கு. 1873-ல் சுடவில்லை. 1885-ல் சுடவில்லை. 1893-ல் சுடவில்லை. அரண்மனையின் நினைவில் இருந்த ஒவ்வொரு மிரட்டலும் பேச்சில் முடிந்தது. காலித் தவறவிட்டது, 1890-க்குப் பிறகு பேச வேண்டிய தேவையே எதிர்த் தரப்புக்கு இல்லாமல் போயிருந்ததை.

இனி அந்த மூன்று நாட்கள்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்க்கிழமை. முற்பகல் 11.40-க்குச் சுல்தான் ஹமத் திடீரென்று இறந்தார். காலித் விஷம் வைத்ததாக ஊரில் பேச்சு. நிரூபணம் ஏதும் இல்லை. காலித் உடனே அரண்மனைக்குள் போனார். ஸ்டோன் டவுனின் கடற்கரையை ஒட்டிய அந்த அரண்மனை ஒற்றைக் கட்டடம் அல்ல. பைத் அல்-ஹுக்ம், பைத் அல்-சாஹேல், அவற்றுக்கு அருகே பர்காஷ் 1883-ல் எழுப்பிய பைத் அல்-அஜைப் என்ற அதிசய மாளிகை, இவற்றோடு அந்தப்புரம், முன்னே ஒரு கலங்கரை விளக்கம். எல்லாம் கடலைப் பார்த்தபடி, துறைமுகத்தில் நிற்கும் எந்தக் கப்பலும் நேராகக் குறிவைக்கும்படி. அன்றைய நாளில் அதைவிடப் பாதுகாப்பற்ற கோட்டை உலகில் இருந்திருக்காது.

பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல் ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்தவர் பாசில் கேவ். அவரும் மாத்யூஸும் காலித்தை எச்சரித்தார்கள். காலித் அசையவில்லை. பிற்பகலில் ஹமத்தை அடக்கம் செய்தார்கள். சிறிது நேரத்தில் அரண்மனைப் பீரங்கிகள் முழங்கிக் காலித்தைச் சுல்தானாக அறிவித்தன. வெளிநாட்டுக் கான்சல்களுக்குக் கடிதம் போயிற்று. ஒருவரும் ஏற்கவில்லை.

பிரிட்டிஷார் மனதில் இருந்த ஆள் ஹமூத் பின் முகமது. ஹமத், ஹமூத், காலித் மூவரும் பழைய சயீதின் பேரன்கள். மூத்தவனுக்கே பட்டம் என்ற நிலைத்த விதி அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆகவே பரம்பரை முறைப்படி காலித்தின் உரிமை ஹமூத்தின் உரிமைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குறைந்தது கான்சலின் ஒப்புதல் மட்டும்.

துறைமுகத்தில் பிலோமெல், த்ரஷ் என்ற இரு கப்பல்கள் ஏற்கனவே இருந்தன. அன்று மாலைக்குள் ஸ்பாரோ சேர்ந்தது. கேவ் லண்டனுக்குத் தந்தியடித்தார்: சமாதான முயற்சி எல்லாம் தோற்றால் அரண்மனை மீது சுட அனுமதி உண்டா? சான்சிபாருக்கு 1879-லேயே ஏடன் வழியாகக் கடலடித் தந்திக் கம்பி வந்திருந்தது. பிரதமர் சாலிஸ்பரி பிரபுவின் அரசாங்கம் தந்த பதிலின் சாரம் இது: தேவை என்று படும் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம், அரசு உங்கள் பின்னால் நிற்கும், ஆனால் வெற்றி உறுதி என்று தெரியாத எதிலும் கைவைக்காதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் 38 நிமிடத்தின் ரகசியம் இருக்கிறது என்பேன். போர் குறுகியதாக இருந்தது தற்செயல் அல்ல, உத்தரவு. 26-ஆம் தேதி காலை ரக்கூன் வந்தது. பிற்பகலில் ரியர் அட்மிரல் ஹாரி ராசனின் கொடிக் கப்பலான செயின்ட் ஜார்ஜ் வந்தது. ஐந்து கப்பல் ஆன பிறகே இறுதி எச்சரிக்கை போயிற்று: மறுநாள் காலை 9 மணிக்குள் கொடியை இறக்கிவிட்டு அரண்மனையை விட்டு வெளியேறு. வணிகக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு அகற்றப்பட்டன. பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் நகரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அன்றிரவு ஊர் இருந்த நிலையை அமெரிக்கக் கான்சல் ரிச்சர்ட் டோர்சி மோஹுன் எழுதி வைத்திருக்கிறார். வழக்கமாக முரசுச் சத்தமோ குழந்தை அழும் சத்தமோ கேட்கும் ஊரில் அன்று ஒரு சத்தமும் இல்லையாம்.

அரண்மனைக்குள் ஏறத்தாழ 2,800 பேர் திரண்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆயுதம் ஏந்திய பொதுமக்கள், வேலைக்காரர்கள், அடிமைகள். காலித்தின் பக்கம் மாறி வந்த 700 படைவீரர்களும் உண்டு. சில இயந்திரத் துப்பாக்கிகள். 17-ஆம் நூற்றாண்டு வெண்கலப் பீரங்கி ஒன்று. ஜெர்மானியப் பேரரசர் பரிசாகத் தந்த இரண்டு பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கிகள். கடலில் கிளாஸ்கோ என்ற அரச உல்லாசக் கப்பல். புயலில் கப்பல்களை இழந்த பர்காஷ், அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சாயலில் 1878-ல் கட்டி வாங்கியது அது. அதில் விக்டோரியா மகாராணி அன்பளிப்பாகத் தந்த கேட்லிங் துப்பாக்கி இருந்தது. பரிசுப் பொருட்களைக் கொண்டே நடத்திய போர் என்றால் இதுதான்.

வெளியே, கரையில் நின்ற படையைப் பாருங்கள். 150 பிரிட்டிஷ் கடற்படையினர். அவர்களோடு 900 சான்சிபார் வீரர்கள். இந்த 900 பேரும் மாத்யூஸ் வளர்த்த படையினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் ரெய்க்ஸ் பிரிட்டிஷ் படையில் லெப்டினன்ட், சான்சிபார் படையில் பிரிகேடியர் ஜெனரல். சான்சிபார் அரசின் முதலமைச்சர் தாக்கும் தரப்பில் நிற்கிறார். சான்சிபார் படையின் பெரும்பகுதி தாக்கும் தரப்பில் நிற்கிறது. முறையான போர் அறிவிப்பு கிடையாது. பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போர் என்று பொது அறிவு நூல் சொல்கிறது. நான் காண்பது, பிரிட்டனின் கையில் இருந்த சான்சிபார் அரசு, தன் சொந்த அரண்மனையைப் பிரிட்டிஷ் கப்பல்களைக் கொண்டு இடித்ததை.

27 காலை 8 மணிக்குக் காலித்தின் தூதர் வந்து பேச்சுவார்த்தை கேட்டார். கெடுவின் நிபந்தனையை ஏற்றால் மட்டுமே பேச்சு என்றார் கேவ். எட்டரைக்கு இரண்டாம் செய்தி, நீங்கள் சுடமாட்டீர்கள் என்ற அந்தச் செய்தி. சுட எங்களுக்கும் விருப்பம் இல்லை, சொன்னபடி செய்யாவிட்டால் சுடுவோம் என்று பதில் போயிற்று. ஒன்பதாயிற்று.

9.02-க்கு ரக்கூன், த்ரஷ், ஸ்பாரோ மூன்றும் சுடத் தொடங்கின. த்ரஷ்ஷின் முதல் குண்டே ஒரு பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கியைக் கவிழ்த்தது. 9.05-க்கு கிளாஸ்கோ தன் சிறிய பீரங்கிகளோடு செயின்ட் ஜார்ஜ் மீது சுட்டது. மொத்தக் கதையில் வீரம் என்று சொல்லத்தக்க இடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பயன் இருந்ததோ இல்லையோ. செயின்ட் ஜார்ஜின் பதிலடியில் கிளாஸ்கோ மூழ்கத் தொடங்கியது. மாலுமிகள் சரணடைவதற்கு அடையாளமாகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார்கள். பிரிட்டிஷ் படகுகளே வந்து அவர்களைக் கரை சேர்த்தன. ஆழம் குறைவான இடம். ஆகவே பாய்மரக் கம்பங்கள் மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றன, 1912-ல் உடைத்து அகற்றும் வரை.

அரண்மனையில் தடுப்புக்காகப் பெட்டிகளையும் ரப்பர் மூட்டைகளையும் மரக்கட்டைகளையும் குவித்திருந்தார்கள். வெடிகுண்டு விழுந்ததும் அவையே விறகாயின. 500 குண்டுகள், 4,100 இயந்திரத் துப்பாக்கித் தோட்டாக்கள், 1,000 துப்பாக்கித் தோட்டாக்கள் என்பது பிரிட்டிஷ் கணக்கு. சராசரியாக ஐந்து நொடிக்கு ஒரு குண்டு. கொடி அறுந்து விழுந்து, உள்ளிருந்து வந்த பீரங்கிச் சத்தம் நின்றதும் 9.40 அளவில் சுடுவது நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ 500 பேர் இறந்தோ காயமடைந்தோ கிடந்தார்கள். பெண்களும் அவர்களில் உண்டு. மடிந்தவர்களில் பலரைக் கொன்றது தீ. பிரிட்டிஷ் தரப்பில் த்ரஷ் கப்பலில் ஒருவருக்குப் பலத்த காயம், பிழைத்துக்கொண்டார்.

முதல் குண்டு விழுந்ததுமே காலித்தும் முக்கிய அரபியரும் பின்பக்கமாக வெளியேறிவிட்டார்கள், அடிமைகளையும் பணியாட்களையும் சண்டைக்கு விட்டுவிட்டு, என்று அன்று செய்தி போயிற்று. இல்லை, இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்தார் என்பாரும் உண்டு. எது உண்மையானாலும், வெளியேறலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் உரிமை இருந்தவர்கள் வெளியேறினார்கள். அந்த உரிமை இல்லாதவர்கள் அந்த 500-க்குள் அடக்கம்.

பிற்பகலுக்குள் ஹமூத் சுல்தான். அதோடு போர் முடிந்தது என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடலாம். ஊர் அப்படி மூடவில்லை. குண்டுவீச்சின் குழப்பத்தில் இந்தியர் வாழும் பகுதியில் கொள்ளை தொடங்கியது. சுமார் 20 இந்தியர்கள் அதில் உயிரிழந்தார்கள். பிரிட்டிஷ் பிரஜைகளைக் காப்பது என்பது தலையீட்டுக்கான நிரந்தரக் காரணம் என்று மேலே சொன்னேன். கப்பல்கள் அரண்மனையைப் பார்த்து நின்றதால் கடைத்தெருவைப் பார்க்க ஆள் இல்லை. ஒழுங்கை நிலைநாட்ட மொம்பாசாவிலிருந்து 150 சீக்கிய வீரர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்த 20 பேர் எந்தப் போர்க் கணக்கிலும் ஏறுவதில்லை. 38 நிமிடத்துக்கு வெளியே இறந்தவர்கள் அல்லவா.

செலவுக் கணக்கும் வந்தது. காலித்தை ஆதரித்தவர்களின் சொத்திலிருந்து, கொள்ளையால் ஏற்பட்ட சேதத்துக்கும் சுடப்பட்ட குண்டுகளின் விலைக்கும் ஈடாக 3 லட்சம் ரூபாய் வசூலிக்கப்பட்டது. சான்சிபாரில் அன்று புழங்கிய நாணயம் நம் ரூபாய்தான். தன் மீது விழுந்த குண்டுக்குத் தானே விலை கொடுக்கும் ஏற்பாட்டைக் காலனிய நிதி நிர்வாகம் வேறு இடங்களிலும் செய்ததுண்டு. ஆனால் இவ்வளவு பச்சையாக அல்ல.

பிரிட்டிஷ் தரப்பு இந்த நிகழ்வை நியாயப்படுத்த நீட்டும் காரணம் அடிமை ஒழிப்பு. ஹமூத் 1897 ஏப்ரலில் அடிமை முறையின் சட்டத் தகுதியை நீக்கி ஆணையிட்டார். இது பொய்யல்ல. ஆணையின் வேலை நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அடிமை தானே நீதிமன்றத்துக்குப் போய் மனுக் கொடுத்து விடுதலை கேட்க வேண்டும். குடியிருக்க இடமும் பிழைக்க வழியும் இருப்பதைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் நாடோடி என்று தண்டிக்கப்படலாம். இழப்பீடு அடிமைக்கு அல்ல, உடைமையாளருக்கு. அந்தப்புரத்துப் பெண்கள் ஆணைக்கு வெளியே. 1891-ல் 60,000 அடிமைகள் இருந்ததாக மதிப்பிட்ட தீவுகளில், பத்தாண்டுகளில் இந்த வழியில் விடுதலை பெற்றவர்கள் 17,293 பேர். 1909-ல்தான் மிச்சமும் சட்டப்படி முடிந்தது. கிராம்பு அறுவடை தடைப்படாமல் அடிமை முறையை ஒழிப்பது எப்படி என்பதே நிர்வாகத்தின் கவலையாக இருந்தது. அந்தக் கவலையின் அளவுக்கு ஏற்ப விடுதலை மெல்ல வந்தது. அடிமைகளை விடுவிக்க விரைந்த போர் என்றால், வேகம் பீரங்கியோடு நின்றுவிட்டது.

பதக்கங்கள் வரிசையாக வந்தன. ராசனுக்கு, மாத்யூஸுக்கு, ரெய்க்ஸுக்கு, கேவுக்கு. ராசனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து, 1897 பிப்ரவரியில், மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நகரைப் பிடித்த படைக்குத் தலைவர் இவரேதான். நகரம் எரிந்தது, இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் திருப்பித் தரலாமா கூடாதா என்று தவிக்கும் பெனின் வெண்கலச் சிற்பங்கள் அங்கிருந்து அள்ளிச் செல்லப்பட்டவை. பிறகு ராசன் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநரானார். சான்சிபாரைத் தனித்த விந்தையாகப் பார்க்கும்போது இந்தத் தொடர்ச்சி கண்ணில் படுவதில்லை. இரண்டு படையெடுப்புகளும் ஒரே அலுவலகக் கோப்பின் அடுத்தடுத்த பக்கங்கள்.

கட்டடங்களில் பைத் அல்-ஹுக்மும் அந்தப்புரமும் போயின. பைத் அல்-சாஹேல் பின்னர் மீண்டும் எழுந்தது. இரும்புத் தூண்கள் தாங்கிய அதிசய மாளிகை சிறு சேதத்தோடு தப்பியது. உடைந்த கலங்கரை விளக்கத்துக்குப் பதிலாக அதன் முகப்பிலேயே ஒரு மணிக்கூண்டு வைத்துக் கட்டினார்கள். கப்பல் பீரங்கிக்குத் தப்பிய அந்த மாளிகை 2020 டிசம்பரில் பராமரிப்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போது பெருமளவு இடிந்து விழுந்தது.

காலித் ஜெர்மானியக் கான்சலகத்துக்குள் நுழைந்திருந்தார். வெளியே கால் வைத்தால் பிடிக்க மாத்யூஸின் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒப்படைக்கும்படி பிரிட்டிஷார் கேட்டார்கள். இரு நாட்டு ஒப்படைப்பு உடன்படிக்கையில் அரசியல் குற்றவாளிகள் வரமாட்டார்கள் என்று ஜெர்மானியர் மறுத்தார்கள். அக்டோபர் 2 அன்று கடலில் பெரிய ஏற்றம். சீஆட்லர் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் படகு கான்சலகத் தோட்டத்தின் வாயில் வரை மிதந்து வந்தது. காலித் கான்சலக நிலத்திலிருந்து நேரே படகில் ஏறினார். சான்சிபார் மண்ணை அவர் மிதிக்கவேயில்லை, ஆகவே பிடிக்கவும் முடியாது. சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக மதித்த இரு வல்லரசுகள்தான் ஐந்து வாரம் முன்பு அந்த ஊரின் உரிமையைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தன.

அங்கிருந்து தாருஸ்ஸலாம். இருபது ஆண்டுகள் ஜெர்மானிய நிழலில். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை கிழக்கு ஆப்பிரிக்காவில் முன்னேறியபோது, 1916-ல், பிடிபட்டார். செயின்ட் ஹெலினா, சீஷெல்ஸ் என்று தீவுத் தீவாகக் காவல். கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. 1927-ல் மொம்பாசாவில் இறந்தார். 1886-ல் இரு வல்லரசுகளும் அவர் தந்தைக்கு ஒதுக்கிய பத்து மைல் கரைத் துண்டில்தான் மொம்பாசா இருக்கிறது. பிரிட்டிஷார் அதைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டார்கள். சட்டப்படி அது சான்சிபார் சுல்தானின் நிலமாகவே இருந்துவந்தது. 1963-ல் கென்யா விடுதலை பெறும் தறுவாயில்தான் அதைக் கென்யாவுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் சுல்தான் கையெழுத்திட்டார்.